எல்லாக் கடையும்

அலுவலகத்தில் அவளுக்கு மியூசியம் என்று பெயர். வைத்தவன் அவள் கணவன்தான். அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கேன்டீன் மேஜையில் யாரோ பழைய சிஸ்டத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள். "அது எங்க வீட்டு மியூசியம். டிக்கெட் வாங்கினாத்தான் உள்ள விடுவா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். சிரித்துத் தொலைத்ததுதான் தப்பு. மறுநாளே காபி மெஷின் பக்கத்தில் நின்ற வேறொருவன், "மியூசியம் திறந்தாச்சா?" என்று கேட்டான்.

மருந்து மொத்த வியாபாரிகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கிற கம்பெனி அது. கடைகள் ஆர்டர் போடும், கிடங்கிலிருந்து சரக்கு போகும், நடுவில் நின்று எல்லாவற்றையும் சுமப்பது அந்தப் பழைய சிஸ்டம். எட்டு வருடமாக அதைச் சாகவிடாமல் வைத்திருந்தவள் அவள். டேட்டாபேஸிடம் கேட்க வேண்டிய ஒவ்வொரு கேள்வியையும் கையாலேயே எழுதுவாள். பிரசவம் ஆகிப் படுத்திருந்தபோதுகூட ஒரு பக்கம் குழந்தை, ஒரு பக்கம் லேப்டாப். அதற்குக் கிடைத்த பட்டம்தான் மியூசியம்.

கணவன் வாய்ச்சொல்லில் கெட்டிக்காரன். அதை யாரும் மறுக்க முடியாது. முதலாளி அவனை எடுத்ததே சிஸ்டத்தைப் புதிதாக எழுதத்தான். எந்த ஃப்ரேம்வொர்க்கில், அதாவது எந்த ஆயத்தச் சட்டகத்தின் மேல், கட்டுவது, டேட்டாபேஸுக்கும் புரோகிராமுக்கும் நடுவே எந்த ஓ.ஆர்.எம்மை வைப்பது என்று அவன்தான் முடிவுசெய்து சொல்ல வேண்டும். ஓ.ஆர்.எம். என்பது ஒரு இடையாள். நாம் கேட்பதை டேட்டாபேஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கேட்டு, பதிலை வாங்கிவந்து கையில் கொடுக்கும். நல்ல இடையாள் அமைந்தால் பாதி வேலை மிச்சம். முதலாளி இன்னொன்றும் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். புதுசு வந்த பிறகு, அது தெரியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

வீட்டில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்சம்மா வந்தாள். அதுவும் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "கண்டவ கையால தண்ணி குடிக்கணும்னு என் தலையெழுத்து" என்று மகன் காதில் விழும்படி சொல்வார். ஒருநாள் அவன், "நீ கொஞ்ச நாள் வீட்டுல இருந்தா என்ன?" என்று கேட்டான்.

"உங்க அம்மாதானே. நீங்க இருங்களேன்" என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனுஷன் புரிந்துகொண்டுவிட்டான் என்று அவள் நம்பினாள். நம்புவதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். "ரெண்டு ஃப்ரேம்வொர்க் இருக்கு. எது தேறும்னு நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். உனக்குத்தான் அந்த டேட்டா அத்துப்படி."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் வேலை விஷயமாக அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு ஃப்ரேம்வொர்க்கிலும் ஒரே ஆர்டர் பக்கத்தைக் கட்டிப் பார்த்தாள். முதலாவதில் எல்லாம் சுலபம்போல் தெரிந்தது. ஆனால் அதன் இடையாள் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறவன், இவர்களுடைய டேட்டாபேஸின் கோணல்மாணலான அட்டவணைகளைப் பார்த்ததும் முரண்டு பிடித்தான். இரண்டாவதற்குத் தொடக்கத்தில் கை வலிக்க எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டால் சொன்னபடி கேட்டது. அடுத்த ஞாயிறு மதியத்துக்குள் ஆர்டர் பக்கம் முழுசாகத் தயார். மாதிரிக்கு முப்பது கடைகளை ஏற்றினாள். முதல் கடைக்கு மகளுடைய பொம்மையின் பெயரை வைத்தாள். 'குண்டுப்பூனை மெடிக்கல்ஸ்.' மகள் கைதட்டிச் சிரித்தாள்.

எட்டு வருடம் தான் கட்டிக் காத்த சிஸ்டத்தைவிட இது நல்லது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததை அப்படியே கணவனிடம் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். "இது கொஞ்சக் கடைக்கு எழுதினது. முழு டேட்டா வந்தா இந்தப் பக்கம் திணறும். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியா டேட்டாபேஸுக்கு ஓடும். கடைக்குப் போய் பாலை ஒரு தடவை, ரொட்டியை ஒரு தடவை, சோப்பை ஒரு தடவை வாங்கிட்டு வர மாதிரி. எல்லாத்தையும் ஒரே நடையில எடுத்துட்டு வான்னு ஒரு வரி சேர்க்கணும். கேட்டீங்களா?"

"ம்... ம்" என்றான் அவன், கைபேசியைப் பார்த்தபடி. அவளும் மறுபடி சொல்லவில்லை.

முடிவு சொல்ல வேண்டிய திங்கட்கிழமை. காலையில் நர்சம்மா அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"நாளையிலேருந்து வர வேண்டாம்னு சார் சொல்லிட்டாரு. நீங்க வீட்டுலயே இருக்கப்போறீங்களாமே."

உள்ளே மாமியார், வழக்கத்துக்கு மாறாக, நல்ல மனநிலையில் இருந்தார். அலுவலகம் கிளம்பிய மருமகளிடம், "போய்ட்டு வாம்மா" என்று வாய் நிறையச் சொன்னார். அன்றுவரை அப்படிச் சொன்னதே இல்லை.

காரில் அவன், "மீட்டிங்ல நீ ஒண்ணும் பேசாதே. நான் பார்த்துக்கறேன்" என்றான். அவள் சரி என்றாள். அவனாக மனம் மாறுவான் என்று அலுவலக வாசல்வரை நினைத்துக்கொண்டே வந்தாள். உண்மையில் கெஞ்சிக்கொண்டே வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், வாயைத் திறக்காமல்.

மீட்டிங் அறையில் முதலாளி, கணக்காளர், புரோகிராம் எழுதுகிற நாலு பேர், கடைசி நாற்காலியில் அவள். அவன் திரைப் பக்கத்தில் நின்றான். திரையில் அவளுடைய ஆர்டர் பக்கம் வந்தது.

"இதை நான் ரெண்டே ஞாயித்துக்கிழமையில கட்டினேன்" என்றான்.

கணக்காளர் சிரித்தார். "குண்டுப்பூனை மெடிக்கல்ஸா? பேர் நல்லா இருக்கே."

"சும்மா தோணுச்சு சார்."

வேலையைத் திருடியதைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்தப் பூனைப் பெயர் அவனுக்குச் சும்மா தோன்றியதாம்.

இரண்டாவது ஃப்ரேம்வொர்க்தான் சரி என்று அவன் அழகாக விளக்கினான். சமையலறையில் அவள் சொன்ன வார்த்தைகள்தான், வரிசைகூட மாறவில்லை. முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "இப்ப இருக்கறவங்க இதைக் கத்துக்க முடியுமா?" என்றார்.

அவன் தரையைப் பார்த்தான். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு. "பசங்க கத்துப்பாங்க சார். கையாலயே எழுதிப் பழகினவங்களுக்குக் கஷ்டம். ஒரு வருஷம் ஆனாலும் வராது. வீட்டு மனுஷின்னு நான் பார்க்கக் கூடாது இல்லையா" என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் இரக்கம் வேறு.

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கட்டினது நான்தான் என்று சொல்லலாம். சொன்னால் அவன் புன்னகையோடு, ஆமா சார், கூடமாட உதவி பண்ணா என்பான். மியூசியத்தை யார் நம்புவார்கள்?

"நல்லா இருக்கு சார்" என்றாள். "முப்பது கடைதானே இருக்கு. முழு டேட்டாவையும் ஏத்திக் காட்டச் சொல்லுங்க. எல்லாக் கடையும். நகல் என்கிட்ட இருக்கு."

"தாராளமா" என்றான் அவன். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவளே நகலை ஏற்றிக்கொடுத்தாள். அவன் பக்கத்தைத் திறந்தான். வெள்ளைத் திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "நெட்வொர்க் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்று பூசி மெழுகினான். மறுபடி பொத்தானை அழுத்தினான். முதல் ஓட்டமே முடியாத டேட்டாபேஸ் இரண்டாவது ஓட்டத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு மூச்சுத் திணறியது. கணக்காளர் பொறுமை இழந்து தன் லேப்டாப்பில் பழைய சிஸ்டத்தைத் திறந்தார். கடைகள் அத்தனையும் சட்டென்று வந்து நின்றன.

"நீங்கதானே கட்டினீங்க? எங்க தப்புன்னு பார்த்துச் சரி பண்ணுங்க. நாங்க இருக்கோம்" என்றார் முதலாளி. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

அவன் ஒரு ஃபைலைத் திறந்தான். அது இல்லை. இன்னொன்றைத் திறந்தான், அதுவும் இல்லை. எழுதினவளுக்குத்தானே எது எங்கே என்று தெரியும்? உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவளைப் பார்த்தான். இரக்கமெல்லாம் போய், அந்தப் பார்வையில் கெஞ்சல் மட்டும் இருந்தது. சரியான ஃபைல் எது, எத்தனையாவது வரி என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வரும். அவள் பாட்டிலைத் திறந்து, அவசரமில்லாமல் தண்ணீர் குடித்தாள். அவளுக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

மதியச் சாப்பாட்டு நேரம்வரை முதலாளி அவனை அப்படியே நிற்கவைத்தார். பிறகு எழுந்து, "புதுசு எதுவும் வேண்டாம். இருக்கறதே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுசுக்காக எடுத்த ஆளுக்குப் புதுசு இல்லாத இடத்தில் என்ன வேலை? அந்த வாரமே அவனுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள், பழைய சிஸ்டத்துக்கு. புதுசுதான் சரி என்பது அவளைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. இனி யாராவது அதன் பேரை எடுத்தால் முதலாளி எரிந்து விழுவார். தான் கட்டியதில் ஆக நல்லதைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு, செத்துக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு மறுபடி ஒட்டுப்போட்டாள். சில நாட்களில் கேள்வி எழுதும்போது அழுகை முட்டிக்கொண்டு வரும். பக்கத்து மேஜைக்காரன், "மியூசியம், என்ன ஆச்சு?" என்பான். பெயர் மட்டும் மாறவே இல்லை.

வீட்டில் நர்சம்மா இல்லை. அவன் வர வேண்டாம் என்றதுமே வேறு வீட்டில் சேர்ந்துவிட்டாள். வேறு ஆள் பார்க்கலாம் என்று அவன் சொன்னால், "பெத்த பிள்ளை வீட்டுல இருக்கும்போது எதுக்கு இன்னொருத்தி?" என்று மாமியாரே தடுத்துவிட்டார். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, துணி அலசுவது எல்லாம் அவன்தான். "உன் கை ஏன்டா இப்படி முரடா இருக்கு? அந்த நர்சு தேவலை" என்று அம்மாவிடம் நாள் முழுக்கப் பேச்சு வாங்கினான்.

ஒருநாள் காலையில் அவள் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஈரப் போர்வையோடு வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"இன்டர்வியூ ஒண்ணு வந்திருக்கு. அதே ஃப்ரேம்வொர்க்தான். அன்னிக்கு நின்னுபோச்சே, அந்த இடத்தைப் பத்திக் கேட்பாங்க. அந்த ஒரு வரி என்னன்னு சொல்லேன்."

எந்தப் புத்தகத்திலும் இருக்கிற வரிதான். தேடினால் நொடியில் கிடைக்கும். எதைத் தேடுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. அவள் அன்று சமையலறையில் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள்.

"நேத்தும் அதான் சொன்னே."

"உடம்புக்கு முடியாத அம்மாவை விட்டுட்டு இப்ப எதுக்குங்க இன்டர்வியூ?" என்றாள் அவள். அச்சு அசல் அவன் குரலிலேயே, அன்று மீட்டிங்கில் அவன் காட்டிய அதே இரக்கத்தோடு.

போர்வையிலிருந்து தண்ணீர் அவன் கால்மேல் சொட்டியது. உள்ளேயிருந்து மாமியார் மகனைக் கூப்பிட்டார். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. அவன் போனான்.