சிங்கி இறாலின் கண்கள்

…மூன்று நிமிடம்கூட இருக்காது, மூடியைத் திறந்தேன், அளவுகோலை வைத்தேன், மூடினேன், அவ்வளவுதானே என்று எத்தனை முறைதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வது, இதோ கண்ணாடித் தொட்டிக்குள் அந்த ஆழ்கடல் சிங்கி இறால் மறுபடியும் சுவரில் முட்டுகிறது, பின்வாங்குகிறது, அதே இடத்தில் முட்டுகிறது… நானூறு மீட்டருக்குக் கீழே சேற்றில் வளை தோண்டி வாழ்கிற பிராணி, பகல் என்பதே அங்கே ஒரு சந்தேகம்போலத்தான் வந்து சேரும், அந்தத் துளி வெளிச்சத்தைப் பொறுக்கியெடுக்கத்தான் இத்தனை பெரிய கண்கள், அவரை விதை மாதிரி, கறுப்பாக. ஆய்வுக் கப்பலில் எனக்குப் பதிவேடு எழுதும் வேலை. வலையில் வந்ததைப் பெட்டியில் போட்டு மூடி, கீழ்த்தளத்து இருட்டறையில், சிவப்பு விளக்கில்தான் திறக்க வேண்டும், வெயில் பட்டால் அந்தக் கண்கள் அவிந்துபோகும், அந்த விதியை அழகாக எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான், ஆனால் நீளம் என்ற கட்டம் காலியாக இருந்ததே, காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும், "நீங்க கனவுக்குக்கூட தேதி போடுவீங்க" என்பாள் மனைவி… உச்சி வெயிலில், மேல்தளத்திலேயே திறந்தேன். அது அசையவே இல்லை. சமர்த்து என்று நினைத்தேன், சமர்த்தாம்!

"பிறவியிலேயே கண்ணு தெரியாது போலண்ணே," என்கிறாள் ஆய்வாளர், என் தங்கை வயதுதான் இருக்கும், மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பத்து நாளா எந்த விளக்குக்கும் திரும்பல. இவ்ளோ பெரிய கண்ணு என்ன, சும்மா அழகுக்கா? இந்த இனமே குருடுன்னு எழுதிட்டேன், இப்ப அனுப்பிடுவேன். ஆனா உங்க அளவு ஒரு மில்லிமீட்டர்கூட பிசகலண்ணே, உங்களுக்குச் சிலையே வைக்கலாம்." சிலையா… என் மூன்று நிமிடத்தை இனி ஒரு இனத்தின் தலையெழுத்தென்று ஊர் உலகமெல்லாம் படிக்கப்போகிறது, சொன்னால் வேலை போகுமோ, போனால் வீட்டில் எந்த முகத்தோடு… "அனுப்பாதீங்க மேடம்." வாய் முந்திக்கொள்கிறது. "ஏண்ணே?" சொல்கிறேன், தேதி, மணி, வெயில், எல்லாம் வரிசையாக, கடிதம் எழுதுவதுபோல. அவள் அந்த வரியை அழிக்கிறாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே," அவ்வளவுதான், திட்டியிருந்தால்கூடத் தேவலை… அறிக்கை திருந்திவிட்டது, மனசு லேசாகும் என்றல்லவா நினைத்தேன், அவளிடம் சொல்லியாயிற்று, சரி, தொட்டிச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிற இதனிடம் எந்தப் பக்கம் நின்று சொல்வது?