மக்கள் உள்ளே வரக்கூடாது

அன்று காலை விஜயநகர் காலி மனையில் இருந்தவர்கள்: மனைக்காரர் வேலாயுதம், அவர் மனைவி சுலோசனா, பக்கத்து வீட்டு மனோஜ்குமார், வேலாயுதம் கொடுத்த புகாருக்கு வந்த போலீஸ்காரர். நடுவில் மனோஜ்குமாரின் கார்.

சொந்த ஊரான மார்டள்ளியில் இருந்த நிலத்தை விற்று வேலாயுதம் வாங்கிய மனை அது. வீடு கட்ட இன்னும் கை கூடவில்லை. அதற்குள் மனோஜ்குமார் அங்கே காரை நிறுத்தினார். பின் தெருவுக்குக் குறுக்கு வழியும் போட்டுக்கொண்டார். இப்படியே விட்டால் நாளைக்கு இது பாதை என்று கோர்ட்டில் நிற்பான், மனை போய்விடும் என்று வேலாயுதத்துக்குப் பயம். வக்கீல் சொல்லித்தான் கன்னடத்தில் போர்டு வைத்தார்.

போலீஸ்காரர் போர்டை இரண்டு முறை படித்தார்.

"யாரு எழுதச் சொன்னது?"

"நாந்தானுங்க. மக்கள் உள்ள வரக்கூடாதுன்னு பெயிண்டருக்குப் போன்ல சொன்னேன்."

வேலாயுதம் கன்னடம் பேசுவார், படிக்க வராது. சனங்க என்பதைவிடப் போர்டுக்கு மக்கள் என்பது கௌரவமாக இருக்கும் என்று நினைத்து, 'மக்களு' என்று சொல்லியிருந்தார். கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள்.

"புள்ளைங்க வரக்கூடாதுன்னு இருக்கு" என்றார் போலீஸ்காரர்.

"அதுக்கு நான் கட்டுப்பட்டுத்தான் சார் இருக்கேன்" என்றார் மனோஜ்குமார். "என் பையனை இந்தப் பக்கமே விடறதில்ல."

"பையனுக்கு இருக்கற புத்தி அப்பனுக்கு இல்லையாக்கும்" என்றாள் சுலோசனா.

"போர்டை ஒழுங்கா எழுதுங்க. வேலி போடுங்க. அப்புறமும் வந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போனார்.

அந்த வாரமே மனோஜ்குமார் காரில் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வேலாயுதம் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தார். தெருப்பக்கம் தகரக் கதவு. புதுப் போர்டைத் தெருவில் போனவர்களை நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மாட்டினார்.

சாயங்காலம் மனோஜ்குமார் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தார்.

"அண்ணா, கார் வேணாம். நடக்கவாவது விடுங்க. மண்ணு தேஞ்சா போயிடும்?"

"போர்டைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"என்ன போட்டிருக்குது?"

"உங்க சொந்த மனை, யாரும் நுழையக்கூடாதுன்னு."

"அந்த யாரும்ல நீங்களும் சேர்த்திதானுங்க."

மனோஜ்குமாரின் முகம் கறுத்தது. "நாளைக்கு வீடு கட்டறப்போ தண்ணிக்கு என் வாசல்லதான் வந்து நிப்பே, பாரு."

"வரமாட்டேன். வந்தா நீயும் ஒரு போர்டு வெச்சுக்க. இப்ப வெளிய போ."

மனோஜ்குமார் தெருவில் காலை வைத்ததும் வேலாயுதம் தகரக் கதவை அவர் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்திப் பூட்டினார்.