கீழே நிற்பவனின் முகம்

"இந்தச் சூரியனை நீ படம் எடுக்கலைன்னாலும் அது மறைஞ்சுதான் இருக்கும், மாப்ள."

சுத்தியல் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது கம்பியில் மாட்டியிருந்த படமும் இல்லை, அதை மாட்டிய மாப்பிள்ளையும் இல்லை. கிளிப் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கப்பல் கட்டும் அந்த யார்டில் வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஓய்வறையில் படக்குழு கூடும். கிரீஸ் கையைக் கழுவிவிட்டு அவரவர் எடுத்த படத்தைக் கம்பியில் மாட்டுவார்கள். மற்றவர்கள் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அபிப்பிராயம் என்றால் "அருமை". பூனைப் படமா, அருமை. கை ஆடி மங்கிப்போன குழந்தைப் படமா, அதுவும் அருமை. இப்படி ஒருவரையொருவர் தடவிக்கொடுத்ததில், தொழிலாளர் படக் கண்காட்சிக்கு வருஷா வருஷம் அனுப்பிய படங்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஒன்றுகூட அந்தச் சுவரில் ஏறியதில்லை.

தடவத் தெரியாதவன் சுத்தியல் ஒருவன்தான். பட்டப்பெயரே அதனால் வந்தது. அவன் வளர்ந்த வீட்டில் மூட்டை தூக்குகிறவனை யாரும் பாராட்டியதில்லை. விழுந்தால் திட்டு, விழாவிட்டால் அடுத்த மூட்டை. ஆனால் இந்த முறை அடி தப்பான ஆணியில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை, அவனுடைய தங்கையின் புருஷன். வேலையிலோ அதற்கும் மேலே: மாப்பிள்ளை கிரேன் ஓட்டுகிறவன், சுத்தியல் தரையில் நின்று கைச்சைகை காட்டி அவனுக்கு வழி சொல்கிற சிக்னல்காரன்.

வீடு போய்ச் சேருவதற்குள் தங்கை போனில் வந்துவிட்டாள்.

"ஏண்ணே, உன் நாக்கைத் தீட்டிக்க ஊர்ல வேற கல்லே கிடைக்கலையா? என் வீட்டுக்காரர்தான் சாணைக்கல்லா?"

"நான் சொன்னதுல பொய் இருக்கா?"

"பொய்னு யாரு சொன்னா? இந்த வருஷம் கண்காட்சிக்குப் படமே குடுக்க மாட்டாராம். கேமராவையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாராம். அந்தக் கேமரா வந்த பிறகுதான் மனுஷன் வீட்ல நாலு வார்த்தை பேசுறாரு. அதுக்கு முன்னாடி சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி உக்காந்திருப்பாரு. திரும்ப ஆணியோட குடும்பம் நடத்தச் சொல்றியா?"

"சூரியன் படம் காலண்டர்லயே இருக்கு. அதைத்தான் சொன்னேன்."

"சொன்னே. அடுத்து அவரு என்ன பண்ணணும்னு சொன்னியா? குத்திட்டு டீ குடிக்கப் போயிட்டே."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

அடுத்த வாரம் முழுக்க இருவருக்கும் பேச்சு இல்லை. மாப்பிள்ளை முறுக்கு என்றால் சாதாரண முறுக்கா? எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஆனால் கிரேன் ஏறிவிட்டால் சுத்தியலின் கையைப் பார்க்காமல் அவனுக்கு விரல் அசையாது. இரும்புத் தகடு அந்தரத்தில் தொங்கும். சுத்தியல் ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சுழற்றுவான்: இறக்கு. ஒரு கையின் மேல் மறு கையைக் குடையாகப் பிடிப்பான்: மெல்ல. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்ப்பான்: நிறுத்து. தகடு பூப்போல உட்காரும். தரையில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் நாள் பூராவும் ஆகாயத்துக்கும் மண்ணுக்குமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு தகடு ஒரு முழம் தள்ளி வந்தபோது, கை தானாக "வலப்பக்கம், கொஞ்சம்" என்று காட்டியது. சுத்தியலுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் "தப்பு" என்று காட்ட ஒரு சைகை இருந்ததே இல்லை. எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் உண்டு. வாயால் பேசுகிற மாதிரி கையாலும் பேசியிருந்தால் இந்நேரம் யார் தலையிலாவது தகடு இறங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை தங்கை புருஷனைத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்திருந்தாள். கூடவே வந்து வாசற்பக்கம் உட்கார்ந்தும்கொண்டாள். குழுவை நடத்துகிற வெல்டர் அக்கா முதலிலேயே சட்டம் போட்டாள்.

"சுத்தியல், நீ இருக்கலாம், டீ குடிக்கலாம். வாயைத் திறந்தா வெளியதான்."

மாப்பிள்ளை கடமைக்கு ஒரு படத்தை மாட்டினான். கிரேன் கேபினின் கண்ணாடித் தரை வழியாக நேர்கீழே எடுத்தது. தகடுகள், எண்ணெய்த் திட்டுகள், பாம்பாகச் சுருண்ட குழாய்கள், வண்டிகள். சந்தை கலைந்த மாதிரி எல்லாம் கிடந்தன.

"அருமை" என்றான் ஸ்டோர்காரன், படத்தை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே.

சுத்தியல் எழுந்தான். அக்கா முறைத்தாள். அவன் வாயின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, படத்தருகே போய், யார்டில் நிற்பது போலக் காலை அகட்டி நின்றான். மாப்பிள்ளையைப் பார்த்து விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினான்.

இறக்கு.

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் மடியில் கிடந்த அவன் கை, இல்லாத லீவரைத் தேடி நகர்ந்தது. வெல்டர் அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது. மாப்பிள்ளையின் உதடும் ஒரு ஓரமாக இளகியது. எழுந்து வந்தான்.

இறக்கு. இன்னும். வலப்பக்கம். மெல்ல. சைகை காட்டிய இடத்தை மட்டும் விட்டு, மற்றதை மாப்பிள்ளை இரண்டு உள்ளங்கைகளாலும் மறைத்துக்கொண்டே போனான். வண்டிகள் மறைந்தன, குழாய்கள் மறைந்தன. சுத்தியல் கையைக் கவிழ்த்தான். நிறுத்து.

கைகளுக்கு நடுவே, ஹெல்மெட் போட்ட ஒரு மனிதன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட, இது இவனேதான்" என்றான் ஸ்டோர்காரன். "தன் மூஞ்சியைப் பெருசாப் போடச் சொல்றான் பாரு."

சுத்தியலுக்கு அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. "வெளிய அனுப்புறதா இருந்தா அனுப்புக்கா. மாப்ள, நானா இருக்கணும்னு இல்ல, எவனா வேணா இருக்கட்டும். கீழ நிக்கிறவன் உன்னை நம்பி அண்ணாந்து பாக்குற பார்வை இருக்கே, அதை இந்த யார்டுல வேற யாரும் பாத்ததில்ல. நீ ஒருத்தன்தான் தினமும் பாக்குறே. சூரியன் எல்லாருக்கும் பொது. இது உன்னுது."

யாரும் "அருமை" என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பெருசாக்குனா படம் புள்ளி புள்ளியா உடைஞ்சு போயிடும், மச்சான்." அந்த வாரத்தின் முதல் வார்த்தை.

"அப்ப திரும்ப எடு. லென்ஸை இழுத்து, ஆளு மட்டும் வர்ற மாதிரி எடு. உச்சி வெயில்ல ஹெல்மெட் நிழல் மூஞ்சியை மூடிடுது, காலைல எடு. கேபின் கண்ணாடியில திட்டு இருக்கு, ஃபிட்டரை விட்டு அடிப்பக்கமும் துடைக்கச் சொல்லு."

"இவ்வளவு நல்லா சொல்லத் தெரிஞ்ச மனுஷன் போன வாரம் எங்கே போயிருந்தாரு?" என்றாள் வாசலில் இருந்து தங்கை.

முதல் முயற்சி பாழ். படமெடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து சுத்தியல் மீசையை முறுக்கிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். மாப்பிள்ளை இறங்கி வந்து கேமராவைக் காட்டினான்.

"இது கல்யாண வீட்டு மூஞ்சி, மச்சான். எனக்கு அது வேணாம். தகடு இறங்குறப்ப இருக்கிற மூஞ்சி வேணும். நான் எப்ப எடுப்பேன்னு யோசிக்காதீங்க. வேலையைப் பாருங்க."

சுத்தியலுக்குச் சுள்ளென்று ஏறியது. பிறகு படத்தைப் பார்த்தான். வாஸ்தவம்தான். பொம்மைக் கடையில் விலை போகாமல் கிடந்த பொம்மை மாதிரி இருந்தான்.

அதற்கப்புறம் ஒரு காலையில், தகடு உட்கார்ந்து கொக்கி கழன்று கிரேன் முழுசாக நின்ற நேரம். மாப்பிள்ளையின் கைகள் லீவரை விட்டிருந்தன. எல்லாம் சரியா என்று சுத்தியல் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். கண் சுருங்கியிருந்தது, வாய் பாதி திறந்திருந்தது, கவிழ்த்த உள்ளங்கை இன்னும் இறங்கவில்லை. மேலே க்ளிக் ஆனது அவனுக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை படம் கம்பியில் ஏறியதும் ஓய்வறையில் எல்லாரும் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். ஸ்டோர்காரன் வாயைத் திறந்தான், மூடினான், பிறகு, "இடது ஓரத்தை ஒரு விரல் வெட்டினா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றான். வெல்டர் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படிப் பேசு" என்றாள்.

கண்காட்சி மண்டபத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது அந்த முகம். மேலே "முதல் பரிசு" என்று ஒரு அட்டை. வேறு யார்டில் கிரேன் ஓட்டுகிற ஒரு பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுச் சொன்னாள்: "இந்த மூஞ்சி எனக்குத் தெரியும். எங்க ஆளும் இப்படித்தான் பாப்பாரு." சிக்னல்காரர்கள் இரண்டு பேர் தங்களை அறியாமல் கையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டார்கள். ஓய்வறைக் கூட்டம் மொத்தமும் புதுச் சட்டையில் வந்து, தாங்களே எடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மாப்பிள்ளை கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தான். இந்தத் தரம் முறுக்கு அவனுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"சொல்லுங்க மச்சான், எப்படி இருக்கு?"

சுத்தியல் படத்தை மேலும் கீழும் பார்த்தான். தங்கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, இன்னிக்கு மட்டும் வாயை மூடிக்கோ."

அவன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். காலை அகட்டி நின்று, நிறைந்த மண்டபத்துக்கு நடுவே ஆள்காட்டி விரலை ஆகாயத்தைப் பார்க்க நிமிர்த்தி, மெதுவாகச் சுழற்றினான்.

ஏற்று. இன்னும் ஏற்று.