முன்னால் போன குரல்

"போகக்கூடாதுன்னா போகக்கூடாது. குண்டு விழுற ஊருக்கு யாராவது பெத்த பொண்ணை..."

"அவ ஏற்கெனவே போயாச்சுங்கிறேன், நீ என்னமோ இப்பதான் பொட்டி கட்டுற மாதிரி..."

"போனது குரல்தானே? குரல் போனா போய்ட்டுப் போகட்டும். ஆளு போகக்கூடாது!"

"குரலை அங்க தனியா விட்டுட்டு நாம இங்க உக்காந்து டீ குடிக்கிறதா? உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

போகக்கூடாது என்று சண்டை போட்டவள் மைக்கம்மா, போகட்டும் என்றவர் அவள் புருஷன் குழாய்க்காரர். சண்டைக்குக் காரணமான மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று அந்தத் தெருவே ‘ரேடியோ’ என்று கூப்பிட்ட பெண். இப்போது அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வரவும் வராது. மருத்துவம் படிப்பதற்காக அவளுடைய குரல் அவளுக்கு முன்பாகவே கடல் தாண்டிப் போய், விடுதியில் இடம் பிடித்து, வகுப்புக்கும் போக ஆரம்பித்திருந்தது.

அது போன விதம் சாதாரணமானதுதான். உள்ளூரில் நூலிழையில் இடம் தவறிப்போக, வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று தொலைபேசியிலேயே நேர்முகத் தேர்வு வைப்பதாகச் சொல்லியிருந்தது. கூடத்தில் முக்காலி மேல், பூப்பின்னல் உறை போட்ட தொலைபேசி. கேள்வி கேட்கப்போகும் பேராசிரியர் கண்ணுக்குத் தெரியப்போவது போல் குழாய்க்காரர் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார். குக்கர் விசில் குறுக்கே வந்துவிடக்கூடாது என்று, கூடவே இருந்த அவருடைய அக்கா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. ரேடியோ வழக்கம்போல் பேசினாள். இதயத்தைப் பற்றிக் கேட்டதற்கு இதயத்தையும் சொல்லி, கேட்காத கல்லீரலையும் சொன்னாள். அந்தப் பக்கம் பேராசிரியர் சிரித்தது கூடம் வரைக்கும் கேட்டது. கடைசியில் அவர், எப்போது வருகிறாய் என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கம்பியின் மறுமுனையில் எங்கோ தூரத்தில் இடி இடித்தது போல ஒரு சத்தம். தொடர்பு அறுந்தது. அவள் திரும்பி, இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டாரிடம் சொல்லப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பதிலைச் சொல்லப் போன குரல், பதிலோடு போய்விட்டிருந்தது.

தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை சுத்தமா இருக்கும்மா. குரல் வெளியூர் போயிருக்கு. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளிக்கச் சொல்லுங்க, ஆனா போன எடம் அதுக்குப் புடிச்சுப்போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் சொன்னது சரியாகப் போயிற்று. அந்த வாரமே தொலைபேசி அடித்தது.

"அம்மா, நான்தான். நல்லபடியா வந்து சேந்துட்டேன். பயங்கரக் குளிரு."

மைக்கம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் வாசற்படியில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வேறு தாயாக இருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். மைக்கம்மா ஆயுசு முழுக்கக் குரலை வைத்தே சோறு தின்றவள். பேருந்து நிலையத்தில், நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட உயரமான அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. குரலுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் அவளுக்குப் பழக்கம். அவள் கேட்ட முதல் கேள்வி, "ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கா?" என்பதுதான்.

குரலுக்கு அங்கே பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. வருகை எடுக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்லும். ஆசிரியர் காலி இருக்கையைப் பார்த்து ஒரு கோடு போட்டுக்கொள்வார். உடன் படித்தவர்கள் சினிமாவுக்குப் போனால் அதையும் கூட்டிக்கொண்டு போனார்கள், டிக்கெட் தேவைப்படவில்லை. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா மட்டும், வழியில் தங்கிப்போன பெட்டியைப் பற்றி விசாரிப்பது போல், "உடம்பு எப்போது வருகிறது?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதைத்தான் வீட்டில் யாராலும் முடிவு செய்ய முடியவில்லை. அந்த நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் ஒரு ஆற்றங்கரைக்காகச் சண்டை மூண்டிருந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று சலூன்காரர் ஒன்று சொன்னார், டீக்கடைக்காரர் வேறொன்று சொன்னார். தொலைக்காட்சி வரைபடத்தில் சிவப்பு நிறம், சிந்திய மை மாதிரி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லூரி இருந்த ஊரை நோக்கிப் பரவிக்கொண்டு வந்தது. கல்லூரியோ, வகுப்புகள் நடக்கின்றன, வரலாம், இந்த வருடம் விட்டால் இடம் போய்விடும் என்றது.

"சரி, அவளையே கேப்போம்" என்றார் குழாய்க்காரர். ரேடியோவின் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்தார்கள். ஊரெல்லாம் பேசித் தீர்த்த பெண், வெகு நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: ‘அவளைக் கேளுங்க.’ அவர்கள் தொலைபேசியில் குரலைக் கேட்டார்கள். குரலும், "அவளைக் கேளுங்கப்பா" என்றது.

"நல்லா இருக்குடா கூத்து" என்றாள் ரேடியோவின் அத்தை, குழாய்க்காரரின் அக்கா. "ஒருத்தி மனசு மாறுறதைப் பாத்திருக்கேன். ஒருத்தி மனசு ரெண்டு நாட்டுல உக்காந்துக்கிட்டு ஒண்ணை ஒண்ணு கைகாட்டுறதை இப்பதான் பாக்கிறேன்."

"அக்கா, நீ யாரு பக்கம்? அதைச் சொல்லு முதல்ல."

"எனக்குச் சோறு போடுறது நீங்க ரெண்டு பேருந்தானே? நான் ரெண்டு பக்கமும்தான்."

அந்த மாதங்களை நினைத்துப் பார்த்தால் மைக்கம்மாவுக்குப் பிற்காலத்தில் சண்டையைவிட மற்றதெல்லாம்தான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நாலு பேரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். குரல் அன்றைய கதையெல்லாம் சொல்லும். தன் கதையைத் தானே கேட்டு ரேடியோ சத்தமில்லாமல் சிரிப்பாள், தோள் மட்டும் குலுங்கும். குழாய்க்காரர், "அங்க குழாயில தண்ணி உறைஞ்சுபோனா வெந்நீர் ஊத்தாத, வெடிச்சிரும், துணியைச் சுத்து" என்று தன் தொழில் ரகசியத்தையெல்லாம் சொல்லிக்கொடுப்பார். குரலுக்கு எதற்குக் குழாய் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மகள் வீட்டிலும் இருந்தாள், வெளிநாட்டிலும் படித்தாள். எந்தத் தாய்க்குக் கிடைக்கும் அந்தக் கொடுப்பினை? அப்படியே இருந்துவிட்டால் என்ன என்றுகூட மைக்கம்மா நினைத்தாள். ஆனால் அவள் காது தொழில் காது. குரல் சிரித்துப் பேசும்போது பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தமும், அபாயச் சங்கு ஊதுவதும், யாரோ ஓடுவதும் கேட்கும். "அது என்னடி சத்தம்?" என்பாள். "பக்கத்து ரூம்ல கல்யாணம்மா" என்று குரல் கூசாமல் புளுகும்.

பிறகு தொலைபேசி அடிப்பது நின்றது. சிவப்பு மை அந்த ஊரைத் தொட்டிருந்தது. மைக்கம்மா வேலைக்குப் போனாள், வண்டிகளைச் சொன்னாள், வந்தாள். வந்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். ரேடியோ தொண்டையில் கை வைத்தபடி ஜன்னலோரம் நிற்பாள்; அங்கே ஏதாவது துடிக்கிறதா என்று பார்ப்பது போல.

மறுபடியும் அடித்தபோது குரல் கரகரத்துப் போயிருந்தது. கல்லூரி ஆஸ்பத்திரியின் தரைக்கடியில் எல்லோரும் இருக்கிறார்கள், மின்சாரம் இல்லை என்றது. "இருட்டுல உடம்பில்லாததே சௌகரியம்மா, யார் மேலயும் இடிச்சுக்கிறதில்ல" என்று சிரிக்கப் பார்த்தது. இரவும் பகலும் படுக்கை படுக்கையாகப் போய் அடிபட்டவர்களோடு பேசுவதுதான் அதன் வேலையாம். டாக்டர்களே கேட்டுக்கொண்டார்களாம்.

"இங்க ஒரு வயசானவரு இருந்தாரும்மா. கையைப் புடிச்சுக்கோம்மான்னு கேட்டாரு. புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு பொய் சொன்னேன். விடிய விடிய அதையே சொன்னேன். காலையில போயிட்டாரு." பிறகு கேட்டது: "எனக்கு ஏதும்மா கை?"

ரிசீவரின் முதுகுப் பக்கம் காதை ஒட்டி வைத்து ரேடியோவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டு, முழங்கை வரை, நிதானமாகக் கழுவினாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

அதுவரை போகட்டும் போகட்டும் என்று குதித்த குழாய்க்காரர் அப்போதுதான் பின்வாங்கினார். "என்னம்மா அவசரம்? சண்டை கொஞ்சம் ஓயட்டுமே. படிப்பு எங்க ஓடிப்போகுது?" என்று பெட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார். மகள் மற்றக் காதைப் பிடித்திருந்தாள். மைக்கம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. புருஷன் கையைப் பெட்டியிலிருந்து விலக்கிவிட்டாள், அவ்வளவுதான். அது சம்மதம் என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். அது சம்மதம் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

விமான நிலையத்துக்குப் போகிற வண்டி காலையில் புறப்படும். அந்தப் பேருந்து நிலையத்தில், மைக்கம்மா ஒலிபெருக்கியில் சொல்லாமல் ஒரு வண்டியும் நகரக்கூடாது. எந்தக் காலத்திலோ ஒரு விபத்துக்குப் பிறகு வந்த விதி. ஓட்டுநர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அன்று ரேடியோ வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குழாய்க்காரர் பெட்டியை ஏற்றிவிட்டு, வண்டியின் ரேடியேட்டரில் தண்ணீர் கசிகிறதா என்று தேவையில்லாமல் குனிந்து பார்த்தார். நேரம் வந்தது. மைக்கம்மா மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வண்டி நின்றது. அதன் பின்னால் நின்ற வண்டி நின்றது. அதற்குப் பின்னால் நின்றதும் நின்றது. கொஞ்ச நேரத்தில் எல்லா வண்டிகளும் ஒன்றுகூட நகராமல் உறுமிக்கொண்டு நிற்க, நிலையம் முழுக்கப் புகை நிறைந்தது. நடத்துநர் ஒருவர் படியேறி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மைக்கம்மா, வண்டியச் சொல்லுங்க. ஜனங்க கத்துறாங்க."

"மைக் வேலை செய்யல" என்றாள் மைக்கம்மா. அந்த மூன்று வார்த்தையும் நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கியிலும் கணீரென்று ஒலித்தன. ஆயிரம் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இறங்கிப்போன நடத்துநர் ஓட்டுநரிடம் ஏதோ சொல்ல, அவர் எஞ்சினை அணைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அணைத்தார்கள். அவ்வளவு பெரிய பேருந்து நிலையத்தில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.

ரேடியோவால் அம்மா என்று கூப்பிட முடியாது. அவள் ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் நீட்டி, விரலை விரித்து, உள்ளங்கை தெரிய மைக்கம்மாவுக்குக் காட்டினாள். ஆட்டவில்லை. காட்டினாள்.

மைக்கம்மா மைக்கை இழுத்து, வண்டியின் ஊரைச் சொல்லி, வழியைச் சொல்லி, "புறப்படத் தயாராக உள்ளது" என்றாள். குரல் பிசிறவில்லை. அவள் சொன்னதிலேயே அதுதான் மிகத் தெளிவான அறிவிப்பு என்று பழைய நடத்துநர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

ரேடியோ போய்ச் சேர்ந்து குரலோடு சேர்ந்துகொண்டாள். முதல் சில வாரம் இரண்டும் பொருந்தவில்லையாம். டப்பிங் படம் மாதிரி வார்த்தை முன்னால் வரும், உதடு பின்னால் அசையும். பிறகு சரியாகிவிட்டது. சண்டை, யாரிடமும் சொல்லாமல் மழை நிற்பது போல ஒருநாள் நின்றது. அவள் டாக்டரானாள், அங்கேயே தங்கினாள், அந்த ஊர்க்காரர் ஒருவரையே கட்டிக்கொண்டாள். லீவுக்கு வந்தால் வீட்டுக் கூரை அதிரப் பேசுவாள். குழாய்க்காரர் அதைக் கேட்டுக்கொண்டே சாய்வு நாற்காலியில் தூங்கிப்போவார். அத்தை முதலில் கண்ணை மூடினாள், இரண்டு வருடம் கழித்து அவரும் போனார். பேருந்து நிலையத்தில் பதிவு செய்த குரல் வந்தது. மைக்கம்மா வீட்டோடு இருக்க ஆரம்பித்தாள்.

தனியாக என்று சொல்ல முடியாது. மகள் விமானம் ஏறிய அன்றே தெரிந்துவிட்டது, குரலில்லாத அந்த மாதங்களில் அவளிடம் இருந்த மௌனம் அவளோடு போகவில்லை என்று. தொலைபேசிக்குப் பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலியில் அது உட்கார்ந்துகொண்டது. ஒரு காலை மடித்து, இடப்பக்கம் சாய்ந்து, அவள் உட்காருகிற அதே மாதிரி. குழாய்க்காரர் இருந்தவரை அதன் காலை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டுதான் போவார். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவரிடம் அத்தை, "பேசுறது மூணு, பேசாதது ஒண்ணு" என்றாள். அவரும் நான்கு என்று போட்டுக்கொண்டு போனார். மகள் வந்தாலும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டாள். "இன்னும் இருக்காளா இவ?" என்று அதன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள்.

சாயங்காலங்களில் மைக்கம்மா டீயை ஆற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வாள். பக்கத்து வீட்டில் என்ன சண்டை, டாக்டர் மூட்டுவலிக்கு என்ன சொன்னார், ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசினாள், எல்லாம். அது கேட்டுக்கொண்டிருக்கும். அது நன்றாகவே கேட்கும். ஒரு நாள் எல்லாக் கதையும் தீர்ந்துபோய், டீயும் தீர்ந்துபோய், இத்தனை வருடமாக மகளிடமே கேட்காத ஒன்றை அவள் அதனிடம் கேட்டாள்.

"அன்னைக்கு நான் வண்டியச் சொல்லாமலே இருந்திருந்தா, நீ எறங்கி வந்திருப்பியாடி?"