முப்பத்திரண்டு பவுண்டு

அந்தப் பந்தய மைதானத்தில் ஆர்லனோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் கிடையாது. சனி ஞாயிறுகளில் சொந்தக் காசைக் கரைத்துக் கார் ஓட்டும் அமெரிக்க விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்களின் சங்கம் அது. எந்த மாடல் எந்த வகுப்பில் ஓடலாம், வேகம் கூடின மாடல் மற்றவற்றோடு சமமாகும்படி எவ்வளவு ஈயக் கட்டி சுமக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஆர்லன். ஜெயித்தவன் தன் சாமர்த்தியம் என்பான். தோற்றவன் ஆர்லன் கெடுத்தான் என்பான். பாழாய்ப்போன இந்தப் பதவிக்குச் சம்பளம்கூடக் கிடையாது!

அதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. பழகாதது வெண்டலின் மௌனம். இருவரும் வருஷக்கணக்காகக் கார் ஏற்றி வரும் டிரெய்லர்களை ஒட்டி நிறுத்தி, ஒரே அடுப்பில் சாசேஜ் சுட்டுத் தின்றவர்கள். போன குளிர்காலத்தில், வெண்டல் ஓட்டுகிற மாடலுக்கு ஆர்லன் நூறு பவுண்டு ஈயம் கூட்டினான். யார் ஓட்டினாலும் அந்த மாடல்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது, அவன்தான் என்ன செய்வான்?

"கடைசியில என் காரையே பிடிச்சியாடா?" என்றதோடு வெண்டல் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று ஆர்லன் ஏங்கிக் கிடந்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகத்தான் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வந்தான்.

ஜூலைப் பந்தயத்தில் வெண்டல் அந்த நூறு பவுண்டையும் சுமந்துகொண்டு முதலாவதாக வந்தான். ஜெயித்த காரை ஓட்டுநரோடு சேர்த்து எடை போடுவது வழக்கம். ஆளும் காரும் சேர்ந்துதான் கணக்கு. இந்த வருஷம் வெண்டல் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. கார் தராசில் ஏறியது. இருக்க வேண்டிய எடைக்கு முப்பத்திரண்டு பவுண்டு குறைந்தது.

"ஈயத்த வழியிலயே முழுங்கிட்டியா வெண்டல்?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆர்லனுக்கு இன்னிக்கே கிறிஸ்துமஸ் பரிசு வந்துடுச்சு!" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆர்லன் குனிந்து பார்த்தான். ஈயக் கட்டிகள் அத்தனையும் இருந்தன. வெண்டலை இறங்கச் சொல்லிக் காரை மட்டும் எடை போட்டான். சீசன் தொடக்கத்தில் இருந்த எடை அப்படியே இருந்தது. அப்புறம்தான் அவன் ஆளை நிமிர்ந்து பார்த்தான். பந்தய உடுப்பு கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

வெண்டலைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். "கார் சரியாத்தான் இருக்கு. நீதான் குறைஞ்சிருக்கே."

"என்னை வெளிய தள்ள இப்படி ஒரு காரணமா?"

"வெளிய தள்ளத்தான் போறேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அத விடு. முப்பத்திரண்டு பவுண்டுடா! பட்டினி கிடந்தியா?"

வெண்டல் இடுப்பைத் தடவிப் பார்த்தான். "பேன்ட் லூசாத்தான் ஆச்சு. என் சமையல் லட்சணம்னு நெனச்சேன். பொண்டாட்டின்னு இருந்த மேவிஸும் விட்டுட்டுப் போனப்புறம் ருசியா எதத் தின்னேன்?"

"இளைச்சுட்டேன்னு யாருமே சொல்லலையா?"

"சொல்ல யாரு இருக்கா? கூட உக்காந்து தின்னவன் நீ ஒருத்தன்தான்."

ஆர்லனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரார் காரையெல்லாம் அலசி ஆராய்ந்தவன், இவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கோபக்காரனைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தலையைக் குனிந்துகொண்டே கடந்து போயிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு திட்டு வாங்கியிருந்தால்கூட எப்பவோ தெரிந்திருக்கும்.

"திங்கக்கிழமையே டாக்டரைப் பாரு."

"பார்க்கறேன்." வெண்டல் தொங்கிய உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டான். "நீயும் வர்றேன்னு மட்டும் சொல்லிடாதே. வேணாம்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல."

தராசுக்காரன் முடிவுக்காகக் காத்திருந்தான். வெற்றி செல்லாது என்று ஆர்லன் அவனுக்குக் கையை ஆட்டிக் காட்டினான். பிறகு வெண்டல் பக்கம் திரும்பினான்.

"வர்றேன்டா," என்றான்.