ஹமீட் பாராட்டிய வயல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே கண்டுபிடித்துக் கெட்டிக்காரர் ஆக வேண்டாம். சமாதான காலத்தில், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஹமீட் என்ற விவசாயி சொன்னது. முடிவுக்குக் கிட்ட வரும்போது வவுனியா வந்துவிட்டது. நெளுக்குளம் பஸ் வெளிக்கிடப் போகிறது என்று மனிதர் இறங்கி ஓடிவிட்டார். இந்தக் கதைக்கு முடிவில்லாததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது.

தொடக்கம் மட்டும் என் உழைப்பு. முதல் முயற்சி: "வன்னியின் பச்சைப் பசேலென்ற வயல்வெளியில் இளங்காற்று" — [காற்று வேண்டாம். இங்கே வந்து போகிறவர்கள் எல்லாரும் காற்றைத்தான் எழுதுகிறார்கள்.] இரண்டாவது: "கூட்டம் வடையோடு தொடங்கியது." இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கூட்டம் வடையோடு தொடங்கியது. விவசாயிகள் சங்கத்துக்கு ஐந்து வருடத் திட்டம் வகுத்துக் கொடுக்க ஞானேஸ்வரி என்ற பயிற்றுநர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு புது முறை. பலம், வாய்ப்பு, கனவு, பலன் என்று சுவரில் நாலு பெட்டி கீறினார். குறைகளுக்குப் பெட்டி இல்லை. குறையைக் கதைத்தால் குறைதான் வளருமாம். ஆகவே குறை சொல்பவர் எழுந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று விதி.

சங்கத் தலைவர் அப்புத்துரை, ஆனை வருது என்று தொடங்கினார். பாடச் சொன்னார்கள். தேவாரம் பாடினார். முடித்துவிட்டு, எண்டாலும் ஆனை வருதுதானே என்றார். இன்னொரு தேவாரம். கடைசியில் யானையை 'வாய்ப்பு' என்ற பெட்டிக்குள் ஏற்றினார்கள். சுற்றுலாப் பயணிகள் பார்க்க வருவார்களாம். வயலுக்கு இராக்காவல் போடும் பேச்சு அத்தோடு நின்றது. வாய்ப்பு வரும்போது யாராவது காவல் போட்டு விரட்டுவார்களா?

3

[இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அடிக்குறிப்பை ஒருவரும் வாசிப்பதில்லை.] அந்தப் பக்கத்தில் விளைந்த வயலை நல்லாயிருக்கு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாவூறு பட்டுவிடும். "என்ன, முழுக்கப் பதராத்தான் போகும் போல" என்று முகத்தைச் சுளிப்பவன்தான் வேண்டியவன். பாராட்டுகிறவனை வளவுக்குள் எடுக்கமாட்டார்கள். ஹமீட்டின் ஆட்களிடமும் இதே பயம்தான். ஆனால் "மாஷா அல்லாஹ்" என்று முதலில் சொல்லிவிட்டுப் பாராட்டினால் ஒன்றும் ஆகாது.

இப்படிப்பட்ட ஊருக்கா பலத்தைப் பேசவைக்கும் திட்டம் வரவேண்டும்?

4

பலப் பெட்டி மத்தியானம் வரை வெறுமையாகக் கிடந்தது. தங்கள் பலத்தைத் தாங்களே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று எண்ணிய ஞானேஸ்வரி, சோடி சோடியாக நின்று ஒருவர் மற்றவரைப் பாராட்டச் சொன்னார். ஹமீட்டுக்கு வாய்த்த சோடி அப்புத்துரை.

ஹமீட் தொண்ணூறில், வடக்கிலிருந்த மற்ற முஸ்லிம்களைப் போலவே, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதியாகக் கிடந்து, போன வருடம்தான் திரும்பியவர். வந்து பார்த்தால், பக்கத்து வயல்காரர் அப்புத்துரை இவருடைய வரம்பை ஒரு சாண்கூட இந்தப் பக்கம் தள்ளி அரக்கியிருக்கவில்லை. [இவ்வளவு நல்லவரை எந்த வாசகர் நம்புவார் என்று யோசித்தேன். ஒரு முழமாவது அரக்கிவிட்டால் பாத்திரத்துக்கு ஆழம் கிடைக்கும். ஹமீட் கோபிப்பார் என்று விட்டுவிட்டேன்.]

அதைத்தான் ஹமீட் சொல்ல விரும்பினார். ஆனால் வரம்பைச் சொன்னால் ஏன் ஊரைவிட்டுப் போனார் என்பதும் வரும். அது குறை. பாட வேண்டும். அவருக்குப் பாட்டு வராது. ஆகவே வயலைப் பாராட்டுவோம் என்று எழும்பி, "மாஷா" என்று தொடங்கினார். முன்னுரை வேண்டாம், நேரே பலத்துக்கு வாங்கோ என்றார் ஞானேஸ்வரி.

"இந்தக் குளத்துக்குக் கீழ அண்ணையின்ர வயல் மாதிரி இன்னொண்டு இல்லை" என்றார் ஹமீட்.

எல்லோரும் கை தட்டினார்கள். அப்புத்துரை மட்டும் தட்டவில்லை.

5

அந்தக் கிழமையே வாய்ப்பு வந்தது, கூட்டமாக. அறுவடைக்குக் கிட்டியிருந்த அப்புத்துரையின் நெல்லை மிதித்துத் தின்றுவிட்டு, ஹமீட்டின் வரம்பு வரை வந்து திரும்பிப் போய்விட்டது. ஹமீட்டின் வயலில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. நான் கட்டிய கதையென்றால் அவருடைய வயலிலும் கொஞ்சம் மிதிக்க விட்டிருப்பேன்.

ஹமீட்டின் வாய்தான் காரணம் என்று அப்புத்துரையின் மனைவி கமலாசனி ஊரெல்லாம் சொன்னார். ஹமீட்டின் மனைவி சபூறா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"மாஷா அல்லாஹ் சொன்னீங்களோ?"

"பாதி சொன்னன்."

அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. திரும்பி வந்த ஊரில் தனக்கென்று இருந்த ஒரே ஆளும் போய்விட்டால், வரம்பு மட்டும் இருந்து என்ன செய்வது என்று ஹமீட் கலங்கிப் போனார்.

6

முடிவு ஒன்று: ஞானேஸ்வரி வந்து பார்த்து, பலப் பெட்டியில் 'அழிவிலிருந்து மீளும் ஆற்றல்' என்று எழுதுகிறார். [இது நடந்தது. ஆனால் இது முடிவல்ல, அறிக்கை.]

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [சமாதான காலத்தில் இப்படிப் படம் போட்டு நிறையச் சுவரொட்டி ஒட்டினார்கள். மாரி மழைக்குக் கரைந்துவிட்டன.]

முடிவு மூன்று: ஹமீட் சபூறாவோடு மறுபடியும் புத்தளத்துக்கு — [இல்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.]

பஸ்ஸில் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான். விடிய எழும்பி வரம்பில் போய் நின்றாராம். அந்தப் பக்கம் மிதிபட்ட சேற்றுக்குள் அப்புத்துரை.

"அண்ணை, அண்டைக்கு நான் சொல்ல வந்தது வயலையில்லை. இந்த வரம்பைத்தான்."

அப்புத்துரை நிமிர்ந்து, ஒரு கதிரும் சாயாமல் நின்ற ஹமீட்டின் வயலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அங்கேதான் பஸ் நின்றது.

இனி உங்கள் பாடு. "நல்ல விளைச்சல், தம்பி" என்று அவரைச் சொல்ல வைத்தால் கொழும்பில் கை தட்டுவார்கள். ஹமீட் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார். எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தப் பயிரில் அப்புத்துரை ஏதாவது ஒரு குறை சொல்லட்டும். பதர், பூச்சி, புல், எதுவென்றாலும் சரி.