கக்கூஸ் வாசலில் நின்ற விருந்தாளி

முதலிபாளையத்துக்குப் பனியன் ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், பெண்கள் கக்கூஸின் பூட்டில் கை வைத்தபடியே, காலை டீக்குச் சற்று முன்னால் கருங்கல்லாகிப்போனார். பெயர் ஹென்ட்ரிக். கழுத்தில் சம்பங்கி மாலை, தோளில் சால்வை, நெற்றியில் குங்குமம். இந்த மூன்றும் கல்லாகவில்லை. மாலை சாயங்காலமே வாடத் தொடங்கியது. கம்பெனியில் யாரும் மயங்கி விழவில்லை. முதலாளி பூபாலன் வாயைத் திறந்தால் இப்படி ஏதாவது ஆகும் என்பது அங்கே வேலை பார்த்த முந்நூறு பேருக்கும் பழகிப்போயிருந்தது.

பூபாலனுக்குப் பேச்சு ஒரு வியாதி. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் துணியைக் காட்டுவதற்கு முன் நாட்டைக் காட்டுவார். இந்தப் பெரிய தேசத்துக்கு வரப்போகிறவர்கள் அறியவேண்டிய ஆச்சரியங்கள் என்று ஒரு பட்டியலை அவர்கள் விமானம் ஏறுமுன்பே அனுப்பிவைப்பார். வந்து இறங்கியதும் வரவேற்பறையில் நிற்கவைத்து அதையே வாயாலும் ஒருமுறை ஊற்றுவார். அப்போது ஆரத்தித் தட்டோடு நிற்பது ராமுத்தாயின் பொறுப்பு. செக்கிங் மேஜையில் பனியனுக்கு ஓட்டை பார்க்கிறவள் அவள். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள், பார்க்க லட்சணமாக இருக்கிறாள் என்று தட்டைக் கொடுத்துவிட்டார்கள். கற்பூரப் புகையும் முதலாளியின் சென்ட்டும் அந்தப் பேச்சும் ஒன்றாகச் சேரும்போது அவளுக்கு ஓங்கரிக்கும். வாந்தியை விழுங்கிக்கொண்டு தட்டைச் சுற்றுவாள்.

பேச்சோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். அவர் சொன்னது சொன்ன அன்றைக்கே காம்பவுண்டுக்குள் நடந்தது. எங்கள் நாட்டில் யானைகள் வீதியில் உலவும் என்றார். ஒரு யானை கேட்டைத் தாண்டி வந்து கட்டிங் மேஜையில் விரித்திருந்த துணியை முகர்ந்து பார்த்து, படிக்கட்டோரம் லத்தி போட்டுவிட்டுப் போனது. வந்தவர்கள் படம் எடுத்தார்கள், அள்ளியவர்கள் பெண்கள். எங்கள் நதிகள் தாயைப் போல வீடு தேடி வரும் என்றார். முழங்கால் உயரத்துக்குக் கத்தரிப்பூ நிறச் சாயத்தண்ணீர் அழுகிய முட்டை வாடையோடு பேக்கிங் செக்‌ஷனுக்குள் வந்து, விசாரித்துவிட்டுப் போகிற உறவுக்காரி போல நின்று நிதானித்து வடிந்தது. இருக்கிற ஒரு பிடிச் சோற்றையும் விருந்தாளிக்குப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் கை நனைப்போம் என்றார், கண் கலங்க. அன்று மதியம் முந்நூறு டிபன் பாக்ஸ்களும் கழுவிக் கவிழ்த்தது போலக் காலி. மாடியில் விருந்தாளிகளின் மேஜையில் ரசமும் கருவாட்டுக் குழம்பும் கம்மஞ்சோறும் மலையாகக் குவிந்து கிடந்தன. அவர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள்.

ராமுத்தாயின் கவலை யானையோ நதியோ அல்ல. பெண்கள் கக்கூஸைப் பளிங்கு மாதிரிதான் கட்டியிருந்தார்கள். தொழிலாளர் வசதிகளைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் பூட்டைத் திறந்து, சோப்பு வைத்து, துண்டு தொங்கவிடுவார்கள். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி பூட்டு. பிறகு அந்த மரியாதையும் போய், ரிஜெக்ட் பனியன் பெட்டிகளை உள்ளே அடுக்கி நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்கள். பெண்கள் பின்மதில் ஓரம் வேலிக்கருவை மறைவுக்குப் போனார்கள். காலை எங்கே வைப்பது என்று தெரியாத இடம். ஈ முகத்தில் உட்கார்ந்துவிட்டுச் சோற்றுக்கு வரும். மதிலுக்கு அப்பால் எந்நேரமும் எவனாவது பீடி பிடித்துக்கொண்டு நிற்பான். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். ராமுத்தாய்க்கு நீர்க்கடுப்பு வந்து, அது முற்றி ரத்தமாகப் போனது. அடக்காதே, நிறையத் தண்ணீர் குடி, இல்லாவிட்டால் கிட்னி இரண்டும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் முதலாளியிடமே போய்க் கேட்டாள். ஷிப்மென்ட் போகட்டும் என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்தக் கம்பெனியில் ஷிப்மென்ட் போகாத வாரமே கிடையாது.

பக்கத்து மேஜையில் வேலை பார்த்த குண்டடத்துக்காரி சித்ரகலா ஒரு யோசனை சொன்னாள். "ஏனுங்க்கா, அவரு சொல்றதெல்லாந்தான் நடக்குதே. எங்க நாட்டுல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் உண்டுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கச் சொன்னா என்னங்க?"

"ஆச்சரியமா இருக்கறதத்தான் சொல்லுவாராம்டி" என்றாள் ராமுத்தாய். "இது சாதாரண விசயமாம்."

ஹென்ட்ரிக் வந்த அன்று பூபாலன் வழக்கம்போல ஆரம்பித்தார். அந்த மனிதர் யானை வரைக்கும் பொறுத்துக் கேட்டார். பிறகு, இங்கே பெண்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று ஒரே கேள்வி கேட்டார். மொழிபெயர்க்க நின்ற சசிகுமார், ஆர்டர் விவகாரம் பார்க்கும் மெர்ச்சண்டைசர், முதலாளியின் முகத்தைப் பார்த்தான். ஹென்ட்ரிக் பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தார். பாவாடை கட்டிய பொம்மை வரைந்த கதவைக் கண்டார். அது ஸ்டோர் ரூம் என்று நாலு பேர் நாலு மொழியில் சொல்லியும் கேளாமல் பூட்டைப் பிடித்து இழுத்தார். பூபாலன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, எங்கள் நாட்டில் விருந்தாளியே தெய்வம் என்று மூச்சிரைக்கச் சொல்லி மாலையைக் கழுத்தில் போட்டார். அவ்வளவுதான், கல்.

முதலில் பூபாலனுக்கு உயிர் திரும்பி வந்தது. அரை மணியில் பெருமையும் வந்தது. வாரம் முடிவதற்குள் சிலைக்கு மேல் கொட்டகை, குத்துவிளக்கு, உண்டியல், சேவூரிலிருந்து ஒரு பூசாரி. மற்ற கம்பெனிக்காரர்கள் சாம்பிள் துணியைக் காலடியில் வைத்துக் கும்பிட வந்தார்கள். விமானம் ஏறிப் போகாமலே ஆர்டர் தரும் பையர் கிடைத்துவிட்டார் என்று பூபாலனைத் தழுவிக்கொண்டார்கள். ஹென்ட்ரிக்கின் கம்பெனி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, அவர் இடத்துக்கு வேறொருவரை நியமித்திருப்பதாகவும் டெலிவரி தேதியில் மாற்றமில்லை என்றும் எழுதியது. இந்த இரண்டு கூட்டத்தில் எது அதிகம் நாறுகிறது என்று ராமுத்தாயால் முடிவு செய்ய முடியவில்லை. அதற்குள் பிரகாரம் சுற்ற வழி வேண்டும், சாமிக்குப் பின்னால் அசுத்தம் கூடாது என்று பின்மதிலோரத்து வேலிக்கருவையையும் வெட்டிச் சிமென்ட் பூசிவிட்டார்கள். இருந்த மறைவும் போனது. அவள் காலையிலிருந்து நாக்கை நனைக்காமல் வேலை பார்த்தாள். சாயங்காலம் குளிர்காய்ச்சலில் பல் அடித்துக்கொள்ள பஸ் ஏறினாள்.

கும்பாபிஷேகத்தன்று பட்டு வேட்டிகள் நிரம்பியிருந்தன. மேளம் உச்சத்துக்குப் போனபோது, ஆரத்தித் தட்டோடு நின்ற ராமுத்தாயின் அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி எழுந்து உச்சந்தலை வரை ஏறியது. தட்டு விழுந்தது. கூந்தல் அவிழ்ந்தது. அவள் ஊர்ப்பக்கம் பெண்களுக்குச் சாமி வருவது மழை வருவது போல. யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. இங்கே வந்த சாமி ஹென்ட்ரிக்காக இருந்ததுதான் வித்தியாசம். பீஸ் ரேட், ஷிப்ட் என்பதற்கு மேல் இங்கிலீஷ் அறியாதவள், கட்டைக் குரலில், இங்கிலீஷ்கூட இல்லாத ஏதோ குளிர்தேசத்துப் பாஷையில் முழங்கினாள். ராமுத்தாயின் காதுக்கு அது பக்கத்து அறையில் யாரோ சண்டை பிடிப்பது போலக் கேட்டது.

பூபாலன் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். "சாமி, என்ன கொறைங்க? சொல்லுங்க, செஞ்சு போடறேன்."

எல்லோரும் சசிகுமாரைப் பார்த்தார்கள். அவன் பூட்டைப் பார்த்தான். "கதவத் தொறக்கச் சொல்றாருங்க" என்றான். "தொறக்காட்டி ஆர்டர் கேன்சலுங்களாம்."

தனியாக ஒரு சாமி கேட்டிருந்தால் பூபாலன் அடுத்த வருஷம் என்று நேர்ந்துகொண்டிருப்பார். தனியாக ஒரு பையர் கேட்டிருந்தால் ஆடிட் தேதியைத் தள்ளிப்போட்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே உடம்பில் வந்து நின்றால் மனிதன் என்ன செய்வான்? இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அது பூட்டுக்குள் திரும்பியதும் சிலையின் கல் விரல்கள் பூட்டை விட்டன. கதவு திறக்க, பெட்டிகள் சரிந்து, எலிக்குஞ்சும் கரப்பானும் மாதக்கணக்கில் புழுங்கிய நாற்றமும் பட்டு வேட்டிகளின் மேல் கொட்டின. பூசாரி முதல் ஆளாக ஓடினார். பெண்கள் பெட்டிகளைத் தூக்கி வெளியே எறிந்தார்கள், அபிஷேகத்துக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரையெல்லாம் உள்ளே ஊற்றித் தேய்த்தார்கள். ராமுத்தாய்க்குச் சாமி மலையேறித் தன்னினைவு வந்தபோது அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. வெளியே சித்ரகலா காவல் நின்று, "மெதுவா வாங்க்கா, அவசரமில்லீங்க" என்றாள்.

அதன்பிறகு அந்தக் கதவைப் பூட்ட யாருக்கும் தைரியமில்லை. சிலை அங்கேயேதான் நிற்கிறது. பெண்கள் செருப்பைக் கழற்றி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். எங்கள் நாட்டில் கழிப்பறைக்கும் தெய்வம் காவல் இருக்கும் என்று பூபாலன் தன் ஆச்சரியங்களில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ராமுத்தாய் இப்போது தாகமெடுத்தால் தண்ணீர் குடிக்கிறாள்.